நண்பர்கள் சேர்ந்து காணொளி நிறுவனம்: கேமரா வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தெப்ராவ்: ரப்பர்த் தோட்டங்கள் இருந்த தெப்ராவ் வட்டாரம் இன்று வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. 2017இல் ஐக்கியா கடையும் இங்கு வந்துவிட்டது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, கடைத் திறப்பு, பள்ளி நிகழ்ச்சி என எதற்கும் காணொளி கேட்கிறார்கள். ஒளிப்பதிவு தெரிந்த ஒருவர், படத்தொகுப்பு தெரிந்த ஒருவர், இசையமைக்கும் ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்த ஒருவர் எனச் சேர்ந்தால் ஒரு நிறுவனம் தொடங்கிவிடலாம். அதை நிலைநிறுத்துவதுதான் கடினம். இத்தகைய குழுக்களுக்குத் திறமையைவிடக் கணக்கும் காகிதமும்தான் பெரும்பாலும் சோதனையாக அமைகின்றன.

எந்த வகைப் பதிவு?

மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கூட்டு வணிகம். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் இது பதிவு செய்யப்படுகிறது. வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டணம். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். செலவு குறைவு என்றாலும், வணிகத்தின் கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஒருவர் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கடன் மற்றவர்களின் வீட்டுக் கதவையும் தட்டும்.

இரண்டாவது, பி.எல்.டி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை. இதற்குக் குறைந்தது இருவர் வேண்டும். பதிவுக் கட்டணம் 500 ரிங்கிட். நிறுவனம் தனிச் சட்ட உரு பெறுவதால், அதன் கடன் பொதுவாகக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தைத் தொடாது.

மூன்றாவது, செண்டிரியான் பெர்ஹாட். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். நிறுவனச் செயலாளரை நியமிப்பது கட்டாயம் என்பதால் வேலை இல்லாத மாதத்திலும் செலவு தொடரும். ஆனால் பெரிய ஒப்பந்தங்களை நாடுவோருக்கு இந்த வகையே பொருத்தம்.

ஃபினாஸ் உரிமம்

1981ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகச் சட்டத்தின்படி படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் ஆகிய மூன்றுக்கும் உரிமம் வேண்டும். உரிமமின்றி ஈடுபட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு. 2020 ஜூலையில் சமூக ஊடகக் காணொளிக்கும் இந்த உரிமம் தேவையா என்ற சர்ச்சை நாடாளுமன்றம் வரை சென்றது. தனிப்பட்ட பயனர்கள் வழக்கம்போல் காணொளி பதிவேற்றலாம் என்று அரசாங்கம் அப்போது விளக்கமளித்தது. ஆனால், தொலைக்காட்சிக்கோ விளம்பரத்திற்கோ தொழில்முறையில் தயாரிப்போர் உரிமத்தைத் தவிர்க்க முடியாது. மூலதனம் உள்ளிட்ட நிபந்தனைகளை ஃபினாஸிடம் கேட்டறிந்த பிறகு பதிவு வகையைத் தேர்ந்தெடுத்தால் இருமுறை செலவு செய்யும் நிலை வராது.

வீட்டையோ கடைவீட்டையோ அலுவலகமாக்கினால் ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தின் வணிக உரிமம் குறித்தும் விசாரிக்க வேண்டும். டிரோன் பறக்கவிட மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. வானிலிருந்து படமெடுக்க நில அளவைத் துறையான ஜூபெம்மின் அனுமதியும் தேவைப்படும். செனாய் விமான நிலையம் தொலைவில் இல்லை என்பதைத் தெப்ராவ் வட்டாரத்தினர் மறக்கக் கூடாது.

நட்புக்கு ஓர் ஒப்பந்தம்

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத கூட்டு வணிகத்தில், 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி இலாபமும் நட்டமும் சமமாகப் பிரியும். யார் எவ்வளவு உழைத்தார் என்பதை அது பார்க்காது.

ஓர் உதாரணம்: நால்வர் குழு ஒரு திருமணத்திற்கு 3,000 ரிங்கிட் பெறுகிறது. பயணம், சாப்பாடு, சேமிப்பு வட்டு ஆகியவற்றுக்கு 300, கருவித் தேய்மானத்திற்கு 200, நிறுவன நிதிக்கு 600 ரிங்கிட் ஒதுக்கினால் மீதி 1,900. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 475 ரிங்கிட். ஆனால் நால்வரும் இரண்டு நாள் படப்பிடிப்பில் இருக்க, படத்தொகுப்பாளர் மட்டும் மேலும் ஆறு நாள் கணினி முன் அமர்கிறார். உழைத்த மொத்த நாள்கள் 14. நாள் கணக்கில் பிரித்தால் அவருக்கு ஏறக்குறைய 1,086 ரிங்கிட்டும் மற்றவர்களுக்குத் தலா 271 ரிங்கிட்டும் சேர வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பேசாமல் விட்டால் பத்தாவது திருமணத்தில் நட்பு முறியும்.

எனவே கேமரா யாருடையது, விலகுபவருக்கு எவ்வளவு கொடுப்பது, நிறுவனப் பெயரும் யூடியூப் அலைவரிசையும் யாரிடம் இருக்கும், காசோலையில் எத்தனை பேர் கையொப்பமிடுவது ஆகியவற்றை முதல் வேலைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

படம் யாருக்குச் சொந்தம்?

பலரும் அறியாத விதி ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, ஒருவர் பணித்துச் செய்யப்பட்ட படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையேல், பணித்தவருக்கே மாறும். தாங்கள் எடுத்த காட்சிகளை விளம்பரத்திற்கோ மறுபயன்பாட்டிற்கோ வைத்துக்கொள்ள விரும்பும் குழு அதை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும். திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்த்துப் பதிவேற்றினால் காணொளி முடக்கப்படலாம். குழுவில் இசையமைப்பாளர் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

முன்பணம் பெறாமல் வேலையைத் தொடங்காதிருப்பதும், எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பாதுகாப்பு. வரவு செலவுக் கணக்குகளை ஏழு ஆண்டுகள் பாதுகாப்பது வருமான வரிச் சட்டம் விதிக்கும் கடமை.

நிதியும் வாய்ப்பும்

இந்திய சமூகத்தினருக்காக டெக்குன் நேஷனல் வழி ஸ்பூமி கடனுதவித் திட்டம் செயல்படுகிறது. 2024இல் அதன் விரிவாக்கமாக ‘ஸ்பூமி கோஸ் பிக்’ அறிமுகமானது. அது கடன் என்பதால், கையில் உறுதியான வேலைகள் இருக்கும்போது வாங்குவதே நல்லது. தொடக்கத்தில் விலையுயர்ந்த லென்சுகளை வாடகைக்கு எடுப்பது சிக்கனம்.

எல்லை கடந்த வேலையும் ஜொகூர் குழுக்களைத் தேடி வரும். சிங்கப்பூரில் படமெடுக்கும் முன் அந்நாட்டு மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்க்க வேண்டும். சமூக வருகை அனுமதியில் சென்று சம்பளத்திற்கு வேலை செய்வது சிக்கலில் முடியும். கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டு சென்று திரும்ப ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் உதவும்.

இஸ்கண்டார் புத்ரியில் உள்ள இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ், பைன்வூட் பெயரில் இயங்கிய காலத்தில் நெட்பிளிக்ஸின் ‘மார்க்கோ போலோ’ தொடருக்குப் படப்பிடிப்புத் தளமானது. அத்தகைய தளங்களில் உதவியாளராகப் பணியாற்றுவதும் நல்ல பயிற்சி.

சிறு நிறுவனங்கள் எதுவரை செல்லலாம் என்பதற்குச் சான்றுகள் உள்நாட்டிலேயே உண்டு. டெனிஸ் குமார், விமலா பெருமாள் தம்பதியரின் வீடு புரொடக்‌ஷன் ‘விளையாட்டுப் பசங்க’, ‘வெட்டிப் பசங்க’, ‘வெடிகுண்டு பசங்க’ ஆகிய படங்களைத் தந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் ஸ்கைசென் ஸ்டூடியோஸ் தயாரித்த ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வெளியாகி, மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தமிழில் எடுக்கப்பட்ட ஒரு படம் நாட்டின் சிறந்த படமாக முடியும் என்பதை அந்த விருது காட்டியது.

திருமணக் காணொளியில் தொடங்கும் குழுவுக்கும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. அதுவரை குழு சிதறாமல் இருக்க வேண்டும். அதற்கு முதல் மாதத்தில் எழுதி வைக்கும் அந்த ஒப்பந்தமே துணை நிற்கும்.