ஆரணித் தறியும் அமைதிப்படையும்



'போரிட்டவர்களைச் சமூகம் போற்றுகிறதா, மறக்கிறதா?' என்பது தலைப்பு. இவர் எந்த அணி என்று பின்னால் ஒரு அம்மா கேட்டாங்க. இந்த ஊர்ல பிறந்தவன்மா, எப்பவும் ஆரணி! (சிரிப்பு) ஆனா இன்னிக்கு 'மறக்கிறது' அணி.

எதிரணி நண்பர் கார்கிலையே சுத்திச் சுத்தி வந்தார். 1999இல் ஊர் ஊராக மாலை போட்டோம், உண்மை. ஜெயிச்ச போருக்கு மாலை போட யாராவது சொல்லித் தரணுமா ஐயா? (கைதட்டல்) நான் வேறொரு போரைக் கேட்கிறேன்.

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. முதலில் அங்குள்ள மக்கள் பூத்தூவித்தான் வரவேற்றார்கள். அக்டோபர் 10ஆம் தேதி விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. காவலுக்குப் போன படை, களத்துக்குப் போன படையாக மாறிற்று. அடுத்த நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேர். பிழைத்தவர் ஒருவர்! நவம்பர் 25இல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனுடைய துப்பாக்கியைப் பிடுங்கிப் போரிட்டு இறந்தார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். சென்னை ஆற்காடு சாலையில் பரமேஸ்வரன் விஹார் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வக்கீலாகிவிடுவேன், வாத்தியாராக இருக்க முடியாது. அதே ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி. இங்கே கடையில் நம்ம நெசவுப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த நாள். அன்றுதான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அப்படியே 60க்கும் மேல். அந்த வீட்டுக்காரர்களிடம் போய் 'எங்கள் வீரர்களை வாழ்த்துங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராதுங்க.

1990 மார்ச் 24இல் கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. சென்னைக்கு வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டதைக் காரணமாகச் சொன்னார். அது சரியா தப்பா என்பது தனிப் பட்டிமன்றம். அனுப்பியது அரசு, கூப்பிட்டுக்கொண்டதும் அரசு. நடுவில் நின்ற சிப்பாயின் கதி என்ன?

பழைய வடஆற்காடு மாவட்டம் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அள்ளிக் கொடுத்த மண். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். எங்கள் தெருவிலும் ஒருத்தர் போனார். எதிர்வீட்டு அண்ணன். நெசவுக் குடும்பம். 1990இல் லீவுக்கு வந்தார், அப்போ நான் கல்லூரி மாணவன். டீக்கடையில் ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்பா, நம்ம ஜனங்களையே சுட்டியாமே?" அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். லீவு முடிகிறவரை குழித்தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தார். தெருவுக்கு வரவில்லை. நானும் அன்றைக்கு அந்தக் கடையில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே வரிசையாகக் கிடைத்தன. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குக்கூடப் பெயர் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதிலிருந்து வாழ்த்துவது வரைக்கும் ஆறு படிகளை வகுத்துவைத்தது தொல்காப்பியம். இலங்கையில் மாண்ட இந்த வீரர்களுக்கு 2008இல் பெயர் பொறித்து நினைவிடம் கட்டியது யார்? இலங்கை அரசு! கொழும்புக்குப் பக்கத்தில், கோட்டையில். டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தது 2019இல்தான்.

அண்ணன் பென்ஷன் வாங்கிக்கொண்டு தறிக்கே திரும்பிவிட்டார். ரொம்ப வருஷம் கழித்து, ஒருநாள் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனை போடப் போனார்களாம். இவர் தமிழில் பேசியதும் உள்ளே இருந்த கிழவி நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ இஞ்ச வந்தது உன்ர அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாளாம்.

"என்னண்ணே பதில் சொன்னீங்க?" என்றேன்.

"தெரியும்னு சொன்னேன்டா. பொய். அம்மாவுக்குக் காஷ்மீர்ல இருக்கேன்னுதான் லெட்டர் போட்டிருந்தேன்."

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அவர் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் வந்தார்.

(நீண்ட கைதட்டல்)