மண்ணீரலுக்குப் போகும் மருந்து

விரல் உயரக் கண்ணாடிக் குப்பி. அடியில் கட்டிதட்டிய மஞ்சள் பொடி. அதில் இருப்பது 50 மில்லிகிராம் ஆம்போடெரிசின் பி. நர்ஸ் 12 மில்லி ஊசிநீரை ஏற்றி, அரை நிமிடம் விடாமல் குலுக்குகிறார். ஒளி ஊடுருவும் மஞ்சள் திரவம் வருகிறது. அதை நுண்வடிகட்டி வழியாகக் குளுக்கோஸ் பாட்டிலில் சேர்க்க வேண்டும். உப்புநீர் பாட்டிலில் சேர்த்தால் திரிந்துவிடும். இத்தனை பக்குவமும் மருந்துக்காக மட்டும் அல்ல, அதைச் சுமந்து போகும் கொழுப்புக் குமிழிகளுக்காகவும்தான். ஒரு குமிழியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது.

இந்தக் குமிழியைத் தேடி யாரும் போகவில்லை. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில், ரத்தம் உறைவதை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அலெக் பாங்கம். 1961இல் அங்கே வந்த புது எலெக்ட்ரான் நுண்ணோக்கியைப் பழகிப் பார்க்க, அவரும் ராபர்ட் ஹார்னும் காய்ந்த பாஸ்போலிப்பிட் கொழுப்பைச் சாயநீரில் கலந்து வைத்துப் பார்த்தார்கள். உள்ளே அடுக்கடுக்காய் வெங்காயம்போல் குமிழிகள். அந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும். வால்கள் நீரை ஒதுக்கும். நீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்து இரட்டைச் சுவராகச் சேர்ந்து, தானே மூடிக்கொள்ளும். நம் உயிரணுவின் சவ்வும் இப்படிக் கட்டியதுதான். லிப்போசோம் என்று இன்று உலகம் அழைப்பது இதைத்தான்.

இதற்குள் மருந்தை அடைத்தால் என்ன? லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் கிரகரி கிரகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் 1971இல் ஒரு நொதியை அடைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். குமிழிகள் ரத்தத்தில் நெடுநேரம் தங்கவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவலிருக்கும் விழுங்கணுக்கள் அவற்றை வேற்றுப்பொருள் என்று பிடித்து விழுங்கிவிட்டன. புற்றுக்கட்டிக்கு மருந்து அனுப்ப நினைத்தவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. குமிழிமேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் போர்த்திக் காவலர் கண்ணில் படாமல் கடத்தும் வழி பிறகு வந்தது. அப்படிப் போர்த்திய டாக்ஸில் என்னும் புற்றுநோய் மருந்துக்கு 1995இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பேசப்பட்ட வெற்றி அது. எனக்கோ, போர்வை இல்லாத குமிழியின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் அந்த விழுங்கணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு நோய் உண்டு. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டு லண்டனிலிருந்து வில்லியம் லீஷ்மனும் அதை அறிவித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அது லீஷ்மேனியா டோனவானி ஆயிற்று. மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நோய்க்குக் காரணம் அதுதான். விடாத காய்ச்சல், உருகும் உடம்பு, வீங்கிப் புடைக்கும் மண்ணீரல். மருத்துவம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். பீகாரில் இதற்குத் தந்துவந்த ஆன்டிமனி ஊசி பலனிழந்துபோனது. ஆம்போடெரிசின் ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் நோயாளியையும் வதைக்கும்: ஏற்றும்போதே குளிர்நடுக்கம், காய்ச்சல், பின்னால் சிறுநீரகப் பாதிப்பு.

அதே மருந்தைக் குமிழியின் சுவருக்குள் பதித்து அனுப்பினால், விழுங்கணு குமிழியை விழுங்குகிறது. மருந்து ஒட்டுண்ணியின் வீட்டுக்குள்ளேயே போய்ச் சேருகிறது. சிறுநீரகத்துக்குத் தொல்லையும் வெகுவாகக் குறைகிறது. ஷியாம் சுந்தர் குழுவினர் பீகாரின் முசாஃபர்பூரில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குமிழி மருந்தின் பலனைக் காட்டியது. பழைய முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முறை மருந்தேற்ற வேண்டும். ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசம். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனது போனதுதான். குமிழி மருந்தோ உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை, மறுநாள் வீடு. ஆறு மாதம் கழித்துக் குணமானவர்கள் பழைய முறையில் 96.3 சதவீதம், புது முறையில் 95.7 சதவீதம்.

விலைதான் தடையாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வழியாகக் குறைந்த விலைக்கும், பிறகு நன்கொடையாகவும் கிடைத்த பின்னரே கிராமத்து ஏழைக்கு இது எட்டியது. 25 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது என்பதால், பீகார் வெயிலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குளிர்பெட்டியும் தேவைப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே தடவை மருந்து இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. இந்த மருந்தையே முதல் மருத்துவமாகக் கொண்ட பங்களாதேஷ், 2023இல் காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாயிற்று.

குமிழியின் இனத்தைச் சேர்ந்த கொழுப்புத் துகள்கள்தான் ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளைச் சுமந்தன. அதே கொரோனா காலத்தில், 2021இல், கருப்புப் பூஞ்சை பரவியபோது, அதற்கும் மருந்தான இந்த மஞ்சள் குப்பி கிடைக்காமல் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. ஜூன் மாதம் இதற்கான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது, அதற்குள் பலர் கண்ணையும் உயிரையும் இழந்திருந்தார்கள். நன்கொடையையும் அவசரக் கொள்முதலையும் நம்பியிராமல், அரசு மருத்துவமனைகள் இந்தக் குப்பியை ஆண்டு முழுவதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.