கமிஷன் வாங்குவது உங்களிடம்... புரோக்கர் பேசுவது யாருக்காக? தருமபுரியில் மனை வாங்கும் முன் இதைக் கவனிங்க!

தருமபுரி மாவட்டத்தில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்கள் முதலில் போன் போடுவது புரோக்கருக்குத்தான். பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊரில் இடம் தேடுபவர்களுக்கு வேறு ஆளும் தெரியாது. நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்கா, மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதை என்று திட்டங்கள் பேசப்படுவதால், “இப்ப விட்டா இந்த ரேட்டுக்கு அப்புறம் கிடைக்காதுண்ணா” என்ற பேச்சும் கூடவே வரும்.

வாங்குபவரிடமும் கமிஷன், விற்பவரிடமும் கமிஷன். அப்படியென்றால் விலை பேசும்போது அவர் யார் பக்கம் நிற்பார்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விலையில் என்ன நடக்கிறது?

பொதுவாக இரண்டு தரப்பிலும் தலா 1 அல்லது 2 சதவீதம் கமிஷன் என்று பேசுவார்கள். இதற்கு ரெரா சட்டம் எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை, பேசி முடிப்பதுதான். இந்தக் கமிஷன் கண்ணுக்குத் தெரியும் செலவு. கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது.

உதாரணத்துக்கு, 5 சென்ட் மனையை சென்ட் 2 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்க உரிமையாளர் தயார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம். உங்களிடம் சென்ட் 2.40 லட்சம் என்று சொன்னால் 12 லட்சம். நடுவில் இருக்கும் 2 லட்சம் யாருக்குப் போகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, உரிமையாளருக்கும் தெரியாது. இதைத்தான் ‘மேல வச்சு விக்கிறது’ என்கிறார்கள். உரிமையாளரை நேரில் பார்க்கவிடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

சதவீதக் கமிஷனில் இன்னொரு சிக்கல்: விலை ஏற ஏற கமிஷனும் ஏறும். உங்களுக்காக விலையைக் குறைத்தால் அவர் வருமானமும் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தன்னை நியமித்தவருக்கு முக்கிய விவரங்களைச் சொல்லாமல், சம்மதம் வாங்காமல், ஏஜென்ட் தன் சொந்த லாபத்துக்காக அதே வியாபாரத்தில் இறங்கினால் என்ன செய்யலாம் என்று 215, 216 பிரிவுகள் சொல்கின்றன. உண்மையை மறைத்தாலோ, நியமித்தவருக்கு நஷ்டம் வந்தாலோ அந்த வியாபாரத்தை ஏற்க மறுக்கலாம். ஏஜென்ட் அடித்த லாபத்தையும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் இந்த உரிமை ஏஜென்டை ‘நியமித்தவருக்கு’ மட்டும்தான். அவர் உங்களுடைய ஏஜென்ட் என்பதை முதலில் நீங்கள் நிரூபிக்க வேண்டும். வாய்ப்பேச்சாக நியமித்தாலும் செல்லும். ஆனால் தகராறு என்று வந்தால், “நான் ஓனரோட ஆளு” என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதனால்தான் எழுத்து முக்கியம்.

ரெரா பதிவு இருந்தால் போதுமா?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ரெராவில் பதிவான லேஅவுட், அடுக்குமாடித் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் ஏஜென்ட் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் வேலை பார்த்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் செல்போனிலேயே சரிபார்க்கலாம்.

ஆனால் ஒருவர் தன் பழைய வீட்டையோ, விவசாய நிலத்தையோ விற்கும்போது நடுவில் இருக்கும் புரோக்கருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. கிராமப்புறத்தில் இந்த மாதிரி விற்பனை சாதாரணம். அங்கே ரெராவை நம்பி இருக்க முடியாது. மேலும், ரெரா பதிவு எண் இருப்பதாலேயே அவர் உங்களுக்காகத்தான் பேசுவார் என்று அர்த்தமில்லை.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் வாங்குபவருக்குத் தனி ஏஜென்ட், விற்பவருக்குத் தனி ஏஜென்ட் என்பது பழக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் இரண்டு பேரின் கமிஷனையும் பெரும்பாலும் விற்பவரே கொடுத்து வந்தார். இந்த முறையை எதிர்த்த வழக்குகளில், அந்நாட்டின் தேசிய ரியல்டர்கள் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த சமரசத்தின்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே, கமிஷன் எவ்வளவு என்பதை எழுதி வாங்குபவரிடம் ஏஜென்ட் கையெழுத்து வாங்க வேண்டும். தனி ஏஜென்ட் இருக்கும் ஊரிலேயே எழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. இடம் பார்க்கப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: “இவர் வாங்குபவருக்காக மட்டும் வேலை செய்கிறார். விற்பவரிடம் கமிஷன் வாங்கினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலையில் மேல் வைக்கக் கூடாது.” இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

2. சதவீதம் வேண்டாம். ஒரு தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். கிரயம் முடிந்த பிறகு கொடுங்கள்.

3. விலையை உரிமையாளர் வாயிலிருந்து நேரடியாகக் கேளுங்கள். ‘பவர்’ வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், அந்தப் பவர் பத்திரம் இன்னும் செல்லுமா, உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்.

4. வக்கீலை நீங்களே தேடுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீல், புரோக்கர் காட்டும் பத்திர எழுத்தர் என்று எல்லாரும் ஒரே பக்கம் இருந்தால், உங்கள் பக்கம் ஆளே இல்லை. லீகல் ஒப்பீனியனுக்குக் கொடுக்கும் ஃபீஸ்தான் உண்மையில் உங்களுக்கான ஏஜென்ட் செலவு.

5. வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். அரசுத் திட்டத்துக்கு நிலம் எடுக்கும் பட்டியலில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் தனியாக விசாரியுங்கள். வில்லங்கச் சான்றில் மட்டும் பார்த்துவிட்டு விட வேண்டாம். பஞ்சமி நிலமா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

6. மனை என்றால் டிடிசிபி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால், வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கேளுங்கள்.

7. அட்வான்ஸைப் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

ஏமாந்துவிட்டால்?

ரெரா பதிவுள்ள திட்டம் என்றால் ஏஜென்ட் மீதே ரெராவில் புகார் கொடுக்கலாம். மற்ற விற்பனைகளில், கமிஷன் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகிப் பார்க்கலாம். போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். “நம்ம பையன்தானே, எழுதி வாங்கினா தப்பா நினைப்பான்” என்று கூச்சப்பட வேண்டாம். உங்களுக்காக நேர்மையாகப் பேசப்போகிறவருக்கு ஒரு கையெழுத்து பாரமாக இருக்காது.