சிட்டாங் ஆற்றங்கரையில் ஒரு பதக்க நாடா

நெடுநல்வாடையைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், அதன் இறுதிப் பகுதிக்கு வரும்போது நம் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. வாடை வீசும் நள்ளிரவு. பாசறையில் பாண்டிய மன்னன் உறங்கவில்லை. வேப்பந்தழை கட்டிய வேலேந்திய ஒருவன் முன்சென்று, புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை முறை முறையாகக் காட்டுகிறான். மன்னன் கனிந்த முகத்தோடு அவர்களைக் கண்டு நடக்கிறான். 188 அடிகள் கொண்ட அப்பாட்டை நக்கீரர் ஒரு வெற்றி முழக்கத்தோடு முடிக்கவில்லை. இந்த நடையோடு முடிக்கிறார்.

“இது புலவரின் கற்பனைதானே ஐயா? போர்க்களத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று ஒருமுறை ஒரு மாணவர் வினவினார். நியாயமான ஐயம்தான். அவருக்கு விடையாக நாம் கூறியது, 1942இல் பர்மாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

அவ்வாண்டு பிப்ரவரியில் சப்பானியப் படை இரங்கூனை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து நின்ற 17ஆம் இந்தியப் படைப்பிரிவு, பின்வாங்கிப் பின்வாங்கிச் சிட்டாங் ஆற்றை அடைந்தது. ஆற்றைக் கடக்க இருந்தது ஒரே ஓர் இரும்பு இரயில் பாலம். பிப்ரவரி 22ஆம் நாள் அப்பாலத்தருகே இருந்த பகோடாக் குன்றுக்காகக் கடும் போர் மூண்டது. அங்கே தம் அணியை முன்னடத்திச் சென்றவர், 12ஆம் எல்லைப்புறப் படையின் 4ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் சாம் மானெக்ஷா. அப்போது அவருக்கு வயது 27. எந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. ஏழு குண்டுகள் என்பாரும் ஒன்பது என்பாரும் உளர்.

குருதி வெள்ளத்தில் கிடந்த அந்த இளம் அதிகாரியைக் கண்டார் டேவிட் கோவன். தம் சீருடையில் இருந்த இராணுவச் சிலுவைப் பதக்கத்தின் நாடாவைக் கழற்றி, மானெக்ஷாவின் மார்பில் குத்தினார். இறந்தவருக்கு இராணுவச் சிலுவை வழங்கப்படுவதில்லை என்பதே அவர் கூறிய காரணம் என்று மானெக்ஷாவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இங்கே இரண்டு செய்திகளை விளக்குதல் வேண்டும். முதலாவது, அக்காலப் பிரித்தானிய விதி. எதிரியின் முன் காட்டும் வீரத்திற்கான பதக்கங்களுள் விக்டோரியாச் சிலுவை ஒன்றே இறந்தபின்னும் அளிக்கத்தக்கது; இராணுவச் சிலுவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதாவது, மானெக்ஷா அன்று மாலையே இறந்திருந்தால் அவர் வீரத்திற்குரிய அப்பதக்கம் ஏட்டில் ஏறியே இராது. அந்த விதியை மாற்றும் அதிகாரம் கோவனுக்கு இல்லை. தம் மார்பில் இருந்ததைக் கொடுக்கும் உரிமை மட்டும் இருந்தது.

இரண்டாவது, கோவனின் பதவி. அவரைப் படைப்பிரிவின் தலைவரான மேஜர் ஜெனரல் என்றே பலரும் எழுதுகின்றனர். சிட்டாங் போரின்போது அவர் பிரிகேடியர். தலைவரான ஸ்மித்தின் தலைமை அலுவலர். படைப்பிரிவின் தலைமை அவருக்கு வந்தது 1942 மார்ச் தொடக்கத்தில்தான். கதை கைமாறும்போது பதவியும் சேர்ந்து உயர்ந்துவிட்டது போலும்! ஆயினும் நிகழ்ச்சியின் பெருமை இதனால் குறைவதில்லை. மறுநாள் விடியற்காலையில் அந்தப் பாலம் தகர்க்கப்பட்டது. படைப்பிரிவின் பெரும்பகுதி அப்போது மறுகரையில் இருந்தது. நீந்திக் கடக்க முயன்ற பலர் ஆற்றோடு போயினர். அத்தகைய பேரழிவின் விளிம்பில், ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றிருந்த வேளையில், ஓர் அதிகாரி ஒரு கேப்டனுக்காக நின்றார் என்பதே நாம் கருதத்தக்கது.

மானெக்ஷா பிழைத்தார். அவருடைய சீக்கிய ஏவலர் அவரை மருத்துவரிடம் தூக்கிச் சென்றார். நம்பிக்கையிழந்து தயங்கிய மருத்துவர் என்ன நேர்ந்தது என்று கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்ஷா. இந்த நகைச்சுவை உள்ளவரைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று மருத்துவர் முனைந்தாராம். அவருக்குரிய இராணுவச் சிலுவை 1942 ஏப்ரலில் அரசிதழில் முறைப்படி வெளியாயிற்று. அவர் 1969இல் தரைப்படைத் தலைவரானதும், 1971 போரில் வென்றதும், 1973இல் ஃபீல்டு மார்ஷலானதும் நாடறிந்தவை. ஓய்வுக்குப்பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 சூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். சிட்டாங் கரையில் முடிந்திருக்க வேண்டிய வாழ்வு, மேலும் 66 ஆண்டுகள் நீண்டு நம் நீலகிரியில் நிறைந்தது.

கோவனின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோற்றுப் பின்வாங்கிய அதே 17ஆம் படைப்பிரிவை அவர் மீண்டும் நிமிர்த்தினார். 1945 மார்ச்சில் அதனோடு சென்று மெய்க்டிலா நகரைக் கைப்பற்றி, சூழ்ந்து வந்த சப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். அந்நாட்களில்தான், மந்தலைப் போரில் காயமுற்ற அவருடைய மகன் இறந்துபட்டார் என்ற செய்தி அவருக்கு எட்டியது. அவருடைய மேலதிகாரி ஸ்லிம் தம் போர் நினைவுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கோவன் தம் பொறுப்பிலிருந்து நீங்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், அதே பர்மாவில், வேறொருவரின் மகன் அருகில் அவர் நின்றிருந்தார். அவர் மகன் கிடந்தபோது அருகில் யார் நின்றார்களோ!

இதைக் கூறி முடித்தபோது வகுப்பு அமைதியாயிருந்தது. ஐயம் எழுப்பிய மாணவர், நெடுநல்வாடையின் இறுதி அடிகளை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தோம்.

மானெக்ஷா உதகையில் பார்சிகளின் இடுகாட்டில், தம் துணைவியாரின் அருகில் துயில்கிறார். அவ்வழி செல்லும் நண்பர்கள் ஒரு கணம் நின்று வணங்கினால், கோவனையும் நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.