எக்ஸ்ரே ஆடிய கேரம்

கேரம் போர்டில் ஒரு காயை இன்னொன்றின் மேல் நேராக மோதவிடாமல், ஓரத்தில் உரசினாற்போல அடித்துப் பாருங்கள். இரண்டும் ஆளுக்கொரு திசையில் பிய்த்துக்கொண்டு போகும். ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போயே தீரவேண்டும். மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம் பூஜ்யம். பின்னாலும் கூட்டிக் கழித்தால் பூஜ்யம்தான். முன்னோக்கிய உந்தமும் மாறாது. சத்தம், சூடு என்று விரயமாகாவிட்டால் ஆற்றலும் அப்படியே! அடித்த வேகம் தெரிந்து, ஒரு காய் போன கோணமும் தெரிந்தால், மற்றது எங்கே போனது என்று இந்த மூன்று கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொன்ன கதை தெரியுமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்தர் காம்ப்டன் என்கிற விஞ்ஞானி, கிராஃபைட் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினார். சிதறி வந்த கதிரின் அலைநீளம் கூடியிருந்தது. வெறும் அலை என்றால் அப்படி ஆகக்கூடாதே! எக்ஸ்ரே ஒரு துகளாக வந்து எலெக்ட்ரானை இடித்து, கொஞ்சம் ஆற்றலைப் பறிகொடுத்துவிட்டு விலகுகிறது என்று கேரம் கணக்குப் போட்டார் (கூடவே ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்துக்கொண்டார்). கச்சிதமாகப் பொருந்தியது. 1923-ல் வெளியிட்டார்.

மாமேதை நீல்ஸ் போர் மசியவில்லை. 1924-ல் கிராமர்ஸ், ஸ்லேட்டர் இருவரோடும் சேர்ந்து ஒரு குண்டைப் போட்டார். ஆற்றலும் உந்தமும் ஒவ்வொரு மோதலிலும் சரியாக இருக்கத் தேவையில்லை, சராசரியில் சரியாக இருந்தால் போதுமாம்! கடையில் பில்லெல்லாம் தப்பு, மாசக் கடைசியில் கல்லா மட்டும் சரி என்கிற மாதிரி!

அப்படியானால் தனித்தனி மோதலையே பார்த்தாக வேண்டும். காம்ப்டனும் சைமனும் மேக அறையில் இறங்கினார்கள். அந்த ஈரக் காற்றில் எலெக்ட்ரான் போன தடம் நீர்த்துளிக் கோடாகத் தெரியும். எக்ஸ்ரே தெரியாது. ஆனால், சிதறிய எக்ஸ்ரே போகிற வழியில் இன்னொரு எலெக்ட்ரானைத் தட்டிவிட்டால்? அங்கே இரண்டாவது கோடு! முதல் கோட்டின் கோணத்தை அளந்து, எக்ஸ்ரே எந்தத் திசையில் போயிருக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

850 போட்டோக்களில் இரண்டு கோடும் சிக்கியவை வெறும் 38. அவற்றில் 18, கணக்கு சொன்ன திசைக்கு 20 டிகிரிக்குள்! மீதி 20 கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தன. அவை வழிதவறி வந்த எக்ஸ்ரேக்களின் வேலை. 'பாதிகூடத் தேறலையே' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். போர் சொன்னது நிஜமென்றால், 38-மே அப்படித்தான் சிதறியிருக்கவேண்டும்.

அதே 1925-ல் ஜெர்மனியில் போத்தே, கைகர் இருவரும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். போர் தோல்வியை ஒப்புக்கொண்டார், பெரிய மனுஷர்! 1927-ல் காம்ப்டனுக்கு நோபல் பரிசு. முழுசாக இல்லை, பாதி. மறுபாதி, மேக அறையை உருவாக்கிய சி.டி.ஆர். வில்சனுக்கு.