பதினான்கும் பதினாறும்: ‘அசல்’ ஒலி குறித்துச் சில குறிப்புகள்

‘உள்ளதை உள்ளபடி’ என்பது விமர்சனத்தில் நாம் என்றைக்கோ கைவிட்ட பேச்சு. யதார்த்தவாதம் பற்றிய விவாதங்களில் இந்தச் சொற்றொடரைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள்தாம், வீட்டுக்குப் போய் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்ததும் ‘அசல் மாதிரியே கேக்குது’ என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ரேடியோ ரிப்பேர் தெரிந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு டிஏசி செய்ய உட்கார்ந்த பிறகுதான், இந்த ‘அசல்’ எங்கே இருக்கிறது என்கிற கேள்வி உறைத்தது. டிஏசி என்றால் வேறொன்றுமில்லை. இசைத்தட்டில் எண்களாகக் கிடப்பதை ஆம்ப்ளிஃபயருக்குப் பிடிபடும் மின் அலையாக மாற்றித் தரும் கருவி. தமிழ் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இது மொழிபெயர்ப்பு வேலை என்பதுதான் என் பதில். இதன் வரலாறும் மொழிபெயர்ப்பின் வரலாறு போலவே சச்சரவுகளால் ஆனது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். சிடியில் ஒவ்வொரு சானலுக்கும் விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதன் இரு மடங்குக்கு மேல் வேண்டும், எனவே இந்த எண் என்று பாடப்புத்தகம் சொல்லும். சரி, 42,000 ஏன் இல்லை? 45,000 ஏன் இல்லை? 1970களின் இறுதியில் இவ்வளவு எண்களைப் பதிந்துவைக்க வீடியோ டேப் ரிக்கார்டரை விட்டால் வேறு வசதியான கருவி இல்லை. தொலைக்காட்சிப் படத்தின் ஒரு வரியில் மூன்று சாம்பிள் என்று அடுக்கினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 60 x 245 x 3. ஐரோப்பிய முறையில் 50 x 294 x 3. இரண்டுக்கும் விடை 44,100. ஆக, காதின் இயல்பு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் எண்ணுக்குள் தொலைக்காட்சித் திரையின் வரிகள் ஒளிந்திருக்கின்றன.

அடுத்தது, ஒவ்வொரு சாம்பிளையும் எத்தனை பிட்டில் எழுதுவது என்கிற தகராறு. 1979 மார்ச்சில் பிலிப்ஸ் தன் தட்டைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது அது 14 பிட். அந்த ஆண்டு ஆகஸ்டில் சோனியோடு பேச்சுவார்த்தை தொடங்கியது. சோனி 16 என்று பிடிவாதமாக நின்றது. 14 பிட் என்றால் 16,384 படிகள், 16 பிட் என்றால் 65,536. கடைசியில் 16 தான் தரமாக அறிவிக்கப்பட்டது. (தட்டின் அகலம் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனிக்காகவே நிர்ணயிக்கப்பட்டது என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பணியில் இருந்த பிலிப்ஸ் பொறியாளர் இம்மிங்க், அதில் வணிகப் போட்டிக்குத்தான் பங்கு அதிகம் என்று பின்னாளில் எழுதினார். புனித இசைஞன் கதையே விலைபோகிறது. பிட் சண்டை யாருக்கும் வேண்டாம்.)

தோற்றுப்போன ஐந்தோவன்காரர்கள் கையில் இருந்ததோ டிடிஏ 1540 என்கிற 14 பிட் சிப். இவர்களின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள மாற்றியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும். ஒன்றில் பாதி இன்னொன்று, அதில் பாதி மற்றொன்று என்று இறங்கிக்கொண்டே போகும் மின்னோட்டங்கள். எண்ணில் எந்தப் பிட் 1 ஆக இருக்கிறதோ அந்த மின்னோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மிகப் பெரிய மின்னோட்டத்தில் ஏற்படும் அற்பப் பிழை மிகச் சிறியதை முழுசாக விழுங்கிவிடும். இன்னொன்று, அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் பெரியது வந்து சேர, மற்றவை அனைத்தும் ஒரே சமயத்தில் விலகவேண்டியிருக்கிறது. இரைச்சலான இடத்தில் இந்தப் பிழை மறைந்துவிடும். பாட்டு தேய்ந்து மௌனத்தைத் தொடும் இடத்தில்தான் மாற்றி மாட்டிக்கொள்கிறது.

பிலிப்ஸ் ஆய்வகத்தின் ரூடி வான் டி பிளாஷே 1976இலேயே இதற்கு ஒரு வழி எழுதியிருந்தார். துல்லியமான உறுப்புகளைத் தேடி அலையாதே. கோணலான உறுப்புகளையே வேகமாக இடம் மாற்றிக்கொண்டிரு. ஒவ்வொன்றும் மாறி மாறி ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து எழுந்தால் சராசரியில் கோணல் கரைந்துபோகும். சுழற்சி முறைத் தலைமை பற்றி நம்ம ஆட்கள் எழுதித் தள்ளிய பக்கங்களை நினைத்துக்கொண்டேன். இங்கே அது ஒரு சிலிக்கான் துண்டில் நடந்திருக்கிறது. 1540 இந்த முறையில் செய்யப்பட்டதுதான்.

சரி, 14ஐ வைத்துக்கொண்டு 16ஐ எப்படிப் படிப்பது? இரண்டு சாம்பிளுக்கு நடுவில் மூன்று புதிய மதிப்புகளைக் கணக்கிட்டு, விநாடிக்கு 1,76,400 என்று நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள். எண்ணை 14 பிட்டாகக் கத்தரிக்கும்போது விழும் மிச்சத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த எண்ணின் கணக்கில் ஏற்றினார்கள். சில்லறை இல்லாத மளிகைக்கடைக்காரர் ‘அடுத்த தடவை கழிச்சுக்கலாம்’ என்கிறாரே, அதே தர்க்கம். பிழை அழிவதில்லை. காது எட்டாத உயரத்துக்குத் தள்ளப்படுகிறது. கேட்கும் எல்லைக்குள் விளைவு கிட்டத்தட்ட 16 பிட்டுக்குச் சமம். அளவில் இழந்ததை காலத்தில் மீட்டுக்கொண்டார்கள் எனலாம்.

வென்றவர்களின் நிலை என்ன? 1982 அக்டோபரில் ஜப்பானில் வந்த சோனியின் சிடிபி 101இல் நிஜமான 16 பிட் மாற்றி இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்று! இடது, வலது இரண்டு சானலுக்கும் அது மாறி மாறி உழைத்தது. அதனால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோ விநாடி பின்தங்கியது. ஒரு ஸ்பீக்கரை நான்கு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்திய அளவுதான். யாருக்கும் கேட்டிருக்காது. பிலிப்ஸின் சிடி 100இலோ சானலுக்கு ஒன்றாக இரண்டு 1540கள். பெட்டி மேல் எழுதப்பட்ட எண்ணுக்கும் பெட்டிக்குள் நடப்பதற்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிறகு பிலிப்ஸும் 16 பிட்டுக்கு வந்தது (டிடிஏ 1541). 1980களின் இறுதியில் அதே மிச்சக் கணக்கை எல்லைவரை இழுத்து ஒரே பிட்டுக்கு இறங்கியது. வேகம் கூடக்கூடப் படிகள் தேவையற்றுப்போயின. இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை இந்த வழி வந்தவைதாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு நல்ல டாங்கிள், அளவீட்டில் சிடி 100ஐத் தாண்டிவிடும்.

இதற்கு எதிர்க்குரல் ஜப்பானிலிருந்தே வந்தது. 1996–97இல் குசுனோக்கி ரியோஹெய் ‘எம்.ஜே’ இதழில், ஓவர்சாம்ப்ளிங்கும் டிஜிட்டல் ஃபில்டரும் வேண்டாம், எண்களை அப்படியே வாசியுங்கள் என்று எழுதினார். ‘மூலத்துக்குத் திரும்புதல்’! நண்பரும் நானும் செய்தது இந்த வகைதான். முதல் இரவு வயலின் கேட்டு நெகிழ்ந்துபோனேன். நண்பர் பேசாமல் இருந்தார். மறுநாள் கணக்குப் போட்டுக் காட்டினார்: இப்படி வாசித்தால் 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும். வழக்கமான டிஏசியில் அதே அளவு உச்சத்தைத் தணித்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் ‘மூலம்’ என்று உருகியது ஒரு குறைவைத்தான். குசுனோக்கியின் வாதம் முழுவதும் இதனால் அடிபட்டுப்போகிறது என்று சொல்லவில்லை. என் காது அதற்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லாதது, அவ்வளவே.

ஆனாலும் ஆசை விடவில்லை. 1541ஏ சிப்பில் தேர்ந்தெடுத்த சிலவற்றின் மேல் சிறு கிரீடம் அச்சிட்டு விற்றார்கள். இன்று அதற்குத் தனி விலை. ஒரு வியாபாரியிடம் ஒன்று வாங்கிவந்தேன். நண்பர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். கிரீடம் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் இருந்தது சாதாரண 1541ஏ. மாட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் பாடியது.