டிராகன்

கிரேக்கத்தில் ‘டிராக்கோன்’ என்றால் பெரும்பாம்பு. ‘உற்றுப் பார்’ என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து அது பிறந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இமைக்காமல் பார்க்கும் பாம்புக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! அந்த வினையும் சமஸ்கிருத ‘த்ருஷ்’ என்பதும் ஒரே வேரின. நாம் கோயிலில் செய்யும் தரிசனம் அந்த வேரிலிருந்து வந்ததே. டிராகனுக்கு இப்படியொரு உறவு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

லத்தீனில் ‘டிராக்கோ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சிறகும் நெருப்பும் பின்னால் சேர்ந்தவை, பழம்பொருள் பாம்புதான். தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் இதே கிரேக்கச் சொல்லுக்கு ‘வலுசர்ப்பம்’ என்று எழுதியிருப்பது அந்தப் பழம்பொருளைச் சரியாகப் பிடிக்கிறது.

பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் புதையல் காக்கும் டிராகனுக்குப் ‘புழு’ என்ற பெயரும் உண்டு. அந்நாளில் அச்சொல் பாம்பையும் குறித்தது. அந்தக் காவியத்தில் தோய்ந்த டோல்கீன், 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ கதையில் தம் டிராகனுக்கு ஸ்மௌக் என்று பெயரிட்டார். பொந்துக்குள் நெளிந்து நுழைவதைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வினை அது. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு, சிவப்பு டிராகன் தீயது, பொன்னிற டிராகன் நல்லது என நிறத்துக்கொரு குணம் கொடுத்தது. இன்றைய ரசிகர்கள் நிறத்தைச் சொன்னதும் குணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

சீனத்து ‘லோங்’ வேறு மரபு: மழை தரும் நீர்த்தெய்வம். அதையும் டிராகன் என்றே அழைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.